பிரிந்தவர் ஊரில் கூடும் கதைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முன்பு காதலித்துப் பிரிந்த இருவரோ, மணந்து விலகிய இருவரோ, ஆண்டுகள் பல கழித்து ஒரு சிற்றூரில் மீண்டும் எதிர்ப்பட்டு, பழைய கணக்கைப் பேசித் தீர்த்து ஒன்று சேரும் நாவல்களைப் பற்றிய கேள்விகளும் விடைகளும் இவை. இவ்வகை நாவல்களை விடாமல் படிப்பவர்களும், இவற்றில் அப்படி என்ன இருக்கிறது என்று வியப்பவர்களும் கேட்கும் கேள்விகளுக்கு, தாமிரபரணிக் கரையில் வளர்ந்து இந்நாவல்களை நெடுங்காலமாகப் படித்துவரும் ஒருத்தியாக விடை எழுதியிருக்கிறேன். எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் எங்கள் பக்கத்தவை. நூலின் பெயரோ ஆசிரியர் பெயரோ இல்லாமல் நான் சொல்லும் காட்சிகள் இக்கதைகளின் போக்கை விளக்க நானே அமைத்தவை.

எல்லாக் காதல் கதையிலும்தான் பிரிவு வருகிறது. இவற்றை மட்டும் ஏன் தனி வகையாகச் சொல்கிறார்கள்?

வழக்கமான காதல் கதையில் பிரிவு நடுவில் வரும். அதற்கு முன் அறிமுகம், தயக்கம், காதல் எல்லாம் நம் கண்முன் நடந்திருக்கும். 'செகண்ட் சான்ஸ்' என்று வாசகர்கள் சொல்லும் இக்கதைகளில் முதல் பக்கம் திறக்கும்போதே பிரிவு பழைய செய்தியாகிவிட்டிருக்கிறது. நாயகனுக்கும் நாயகிக்கும் நம்மைவிட அதிகம் தெரியும். அவனுக்குக் காய்ச்சல் வந்தால் யாரிடமும் சொல்ல மாட்டான் என்பது அவளுக்குத் தெரியும். அவள் பதில் பேசாமல் பாத்திரத்தை அடுக்கத் தொடங்கினால் கோபம் உச்சத்தில் இருக்கிறது என்பது அவனுக்குத் தெரியும். இவ்வளவு தெரிந்த இருவர் அந்நியர்போல் 'நல்லாருக்கியளா' என்று கேட்டுக்கொள்ளும் காட்சியில் ஒரு வலி இருக்கிறது; அந்த வலிக்காகத்தான் பலர் இக்கதைகளைத் தேடிப் போகிறார்கள். காதல் வருமா என்ற கேள்வி இங்கே எழுவதே இல்லை. ஒருமுறை கைவிட்டவரை மறுபடியும் நம்பலாமா என்பதுதான் கேள்வி, அதற்கு விடை சொல்ல முழு நாவலும் வேண்டியிருக்கிறது.

கதை ஏன் சிற்றூரில் நடக்க வேண்டும்? சென்னையில் நடந்தால் ஆகாதா?

ஆகும், ஆனால் ஆசிரியர் தற்செயலை நம்பியே கதையை நகர்த்த வேண்டியிருக்கும். ஒருவர் அம்பத்தூரிலும் மற்றவர் வேளச்சேரியிலும் குடியிருந்தால் வாழ்நாள் முழுவதும் சந்திக்காமலே இருந்துவிடலாம். அம்பாசமுத்திரத்தில் ஒரு வாரம்கூட அப்படி இருக்க முடியாது. கடைத்தெருவில் இல்லையென்றால் கோவிலில், கோவிலில் இல்லையென்றால் யாராவது ஒருவர் வீட்டுச் சடங்கில் எதிர்ப்பட்டே ஆக வேண்டும். சந்திப்புக்குத் தனியாகக் காரணம் தேட வேண்டாம் என்பது ஆசிரியருக்குக் கிடைக்கும் முதல் வசதி.

ஆனால் சிற்றூரின் உண்மையான பயன் சாட்சியம் என்றே நான் கருதுகிறேன். பெருநகரத்தில் ஒருவர் தான் மாறிவிட்டதாகச் சொன்னால் அதைச் சோதிக்க ஆளில்லை. அவருடைய பழைய முகம் அங்கே யாருக்கும் தெரியாது. சொந்த ஊரில் அவர் என்ன செய்தார், என்ன சொன்னார், எந்த பஸ்ஸில் ஏறிப் போனார், அதற்குப் பிறகு அந்தப் பெண் எத்தனை நாள் வாசல் பக்கம் வரவில்லை என்பது வரை தெருவுக்கு நினைவிருக்கிறது. மன்னிப்பைத் தனியறையில் கேட்டுவிட்டுப் போக அவருக்கு வழியில்லை.

இப்படி ஒரு காட்சியை எண்ணிப் பாருங்கள். ஒன்பது ஆண்டு கழித்துக் கல்லிடைக்குறிச்சிக்குத் திரும்பியவன் அவள் வீட்டு நடையில் வந்து நிற்கிறான். கதவு ஒருக்களித்திருக்கிறது, கூப்பிடலாமா வேண்டாமா என்று அவன் தயங்கும் நேரத்தில், எதிர்வீட்டில் கூழ்வற்றலைக் காக்கைக்குக் காவல் காத்துக்கொண்டிருக்கும் ஆச்சி, "யாருடே அது, வாத்தியார் மவனா? வா, வா. எங்க புள்ளைட்ட ஒரு வார்த்த சொல்லாம மெட்ராஸுக்குப் போனவம்லா நீ? வெயில்ல நிக்காத, இந்தத் திண்ணைல வந்து இரி" என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்கிறாள். பழைய கதை, அதன்மேல் தெரு வைத்திருக்கும் குற்றச்சாட்டு, வந்தவனை வெயிலில் நிறுத்தக்கூடாது என்ற உபசாரம் மூன்றும் அந்த நான்கைந்து வாக்கியங்களில் வந்துவிடுகின்றன. உள்ளே இருப்பவளுக்கு அவன் வந்திருப்பது தெரிந்துவிட்டது என்பதும், அவள் வெளியே வராமலிருப்பது அவளாக எடுத்த முடிவு என்பதும் நமக்கு விளங்கிவிடுகின்றன. நகரத்து அடுக்குமாடிக் குடியிருப்பில் இதையெல்லாம் சொல்ல ஆசிரியருக்கு மூன்று பக்கமாவது வேண்டும்.

ஊரின் நினைவு எப்போதும் நியாயமாக இருப்பதில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். போனவன் அவன், பேச்சு கேட்டவள் அவள். பிரிந்த இணையில் பெண்ணுக்குத்தான் பெயர் கெடுகிறது என்பது எங்கள் தெருக்களில் வளர்ந்த யாருக்கும் புதிய செய்தியன்று. நல்ல நாவல் இதை விட்டுவிடாது. அவனைத் திருத்துவதோடு நிற்காமல், அவளைப் பற்றி வாய்கூசாமல் பேசிய சித்திகளையும் பெரியப்பாக்களையும் தங்கள் சொல்லைத் திரும்பிப் பார்க்கச் செய்யும். அப்படிச் செய்யாத நாவலில் காதலர்கள் சேர்ந்தாலும் எனக்கு மனம் நிறைவதில்லை.

இது மேல்நாட்டுச் சரக்குதானே? நம் மரபில் ஏது?

ஒரு சிற்றூரை நிலைக்களமாக வைத்து, ஒவ்வொரு நூலிலும் அவ்வூரின் வேறோர் இணையைப் பற்றி எழுதும் வரிசை நாவல்கள் ஆங்கிலத்தில் இன்று ஏராளம் என்பது உண்மைதான். அம்மரபின் மூத்த நூல்களில் ஒன்றாக ஜேன் ஆஸ்டினின் 'பெர்சுவேஷன்' சுட்டப்படுகிறது. 1817 ஜூலையில் அவர் இறந்த பிறகு அதே ஆண்டின் இறுதியில் வெளிவந்த நாவல் அது. 19 வயதில், தாய்போல் மதிக்கும் ஒரு பெரியவரின் சொல்லைக் கேட்டு, வசதியற்ற கடற்படை அதிகாரியுடனான நிச்சயத்தை முறித்துக்கொண்ட ஆன் என்னும் நாயகி, எட்டு ஆண்டுகள் கழித்து, பெயரும் பணமும் ஈட்டித் திரும்பும் அவனை எதிர்கொள்கிறாள். பெரியவர் பேச்சுக்குப் பணிந்து மனத்துக்குப் பிடித்தவனை மறுத்த பெண்ணின் கதை எங்கள் பக்கத்து வாசகிக்கு எவ்வகையிலும் அந்நியமானதன்று.

நம் மரபில் இல்லை என்பது சரியன்று. திருக்குறளின் காமத்துப்பால், பிரிவின் துயரை அதிகாரம் அதிகாரமாகச் சொல்லி, புலவி, புலவி நுணுக்கம் என்று நடந்து, ஊடலுவகை என்னும் 133ஆம் அதிகாரத்தில் முடிகிறது. பிணங்கிக் கூடுவதில் உள்ள இன்பத்தை நூல் முழுமைக்கும் இறுதியாக வைத்திருக்கிறார் வள்ளுவர்.

எங்கள் மண்ணிலேயே இன்னும் நெருக்கமான ஒன்று உண்டு. தென்காசியை அடுத்த மேலகரத்தைச் சேர்ந்த திரிகூடராசப்பக் கவிராயர் பதினெட்டாம் நூற்றாண்டில் இயற்றிய திருக்குற்றாலக் குறவஞ்சியில், குறி சொல்லப் போன சிங்கியைக் காணாமல் அவள் கணவன் சிங்கன் தேடி அலைகிறான். கடைசியில் குற்றாலத்துத் தெருவில் அவளைக் கண்டதும் கட்டிக்கொண்டு அழாமல், உன் காலில் கிடக்கும் இது என்ன, இடையில் இருக்கும் இது எங்கிருந்து வந்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறான். அவளும் தளராமல், எந்த நாட்டில் குறி சொல்லி எதைப் பெற்றேன் என்று தன் உழைப்பின் கணக்கை எடுத்துச் சொல்கிறாள். பிரிந்திருந்த காலத்தில் அவள் தன் தொழிலால் ஈட்டியதை அவன் முதலில் ஏற்க வேண்டும். கூடல் அதன் பிறகுதான். இன்றைய சிற்றூர் நாவல்களில் மிகச் சிறந்தவை செய்வதும் ஏறத்தாழ இதைத்தான்.

திருநெல்வேலிப் பக்கம் இவ்வகைக் கதைக்கு எப்படிப் பொருந்துகிறது?

இக்கதைக்கு முதல் தேவை, போனவர் திரும்பி வருவதற்கு நம்பத்தகுந்த ஒரு காரணம். எங்கள் பக்கத்தில் அதற்குப் பஞ்சமே இல்லை. சென்னைக்கும், மும்பையின் தாராவிக்கும், வளைகுடா நாடுகளுக்கும் போய்ப் பிழைப்பவர்கள் பெருகிய நிலம் இது. ஆனால் போனவர்களை ஊர் முழுதாக விட்டுவிடுவதில்லை. பங்குனி உத்திரத்தன்று குடும்பத்துக்கு உரிய சாஸ்தா கோவிலுக்குப் போக வேண்டும் என்ற வழக்கம் எத்தனையோ பேரை எங்கிருந்தெல்லாமோ இழுத்து வருகிறது. தாங்கள் எந்த ஊரில் குடியிருந்தாலும் தங்கள் சாஸ்தா எந்தக் குளத்தங்கரையில், எந்தக் காட்டோரத்தில் இருக்கிறார் என்பது குடும்பத்தினருக்குத் தெரிந்திருக்கும். பிரிந்த இருவருக்கும் ஒரே சாஸ்தா என்று வைத்துவிட்டால் ஆண்டுக்கு ஒரு நாள் இருவரும் ஒரே மரத்தடியில் பொங்கல் பானைகளுக்கு அருகே நின்றாக வேண்டும். இதைவிட இயல்பான சந்திப்பை எந்த ஆசிரியராலும் புனைய முடியாது என்று நினைக்கிறேன். கோவில் கொடை, ஆனித் தேரோட்டம், கிறித்தவ ஊர்களில் அசன விழா, மேலப்பாளையம் போன்ற இடங்களில் பெருநாள் என ஒவ்வொரு சமூகத்துக்கும் இப்படித் திரும்பி வரும் நாள்கள் உண்டு.

அடுத்தது பயணம். திருநெல்வேலியிலிருந்து செங்கோட்டைக்குப் போகும் பாசஞ்சர் ரயில் சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம், ஆழ்வார்குறிச்சி, பாவூர்சத்திரம், தென்காசி என்று நின்று நின்று போகிறது. எதிரெதிர் இருக்கையில் அமர நேர்ந்துவிட்ட இருவர், இறங்குமிடம் வரும்வரை ஜன்னலுக்கு வெளியே வயலையும் மலையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு வருவதற்கு ஏற்ற வேகம் அது. வயலிலேயே காலமும் தெரிந்துவிடும்: கார், பிசானம் என்னும் இரு நெற்பருவங்களில், கார் நடவில் வந்தவன் பிசானம் அறுப்பு வரை தங்கினான் என்றால் எத்தனை மாதம் என்று ஆற்றுப்பாசனத்து வாசகருக்குச் சொல்லத் தேவையில்லை. சாரல் தொடங்கியது என்றால் ஆனி, ஆடி.

மூன்றாவது, பொருள்கள். பத்தமடையில் தாமிரபரணிக் கரையின் கோரையைத் தண்ணீரில் ஊறவைத்து, மெல்லிய இழைகளாகக் கிழித்து, பட்டுப்போல் மடியும் பாயாக நெய்கிறார்கள். திருமணத்துக்கென்று சொல்லிச் செய்யும் பாயில் மணமக்களின் பெயர்களையும் சேர்த்தே நெய்துவிடுவார்கள். பிரிந்துபோன இணையின் பெயர்கள் நெய்த பாய் ஒன்று வீட்டுப் பரணில் சுருட்டிக் கிடக்கிறது என்று வையுங்கள். அதை விற்க முடியாது. யாருக்கும் கொடுக்க முடியாது. விருந்தாளிக்கு விரிக்க முடியாது. துணியில் எழுதியதுபோல் சாயத்தைக் கழுவியும் எடுக்க முடியாது, ஏனென்றால் எழுத்தை எடுக்க வேண்டுமானால் கோரையையே பிரிக்க வேண்டும். வீட்டைக் காலி செய்ய வந்தவள் பரணிலிருந்து அதை இறக்கி, விரித்துப் பார்க்காமலே மீண்டும் மேலே வைக்கிறாள் என்று ஒரே ஒரு வரி எழுதினால் போதும். அவள் மனநிலையை விளக்க உவமை எதுவும் தேவைப்படாது.

இவ்வளவு இருக்க, எங்கள் பக்கத்தைக் களமாக்கும் பல நாவல்கள் அல்வாவையும் அரிவாளையும் தாண்டி வருவதில்லை என்பது எனக்குப் பெருங்குறை. கல்யாண வீட்டுச் சாப்பாட்டைக் காட்ட வேண்டுமானால் மறுநாள் வைக்கும் தேங்காய்ப்பால் குழம்பான சொதி இருக்கிறது. தேங்காயின் முதல் பாலைக் கடைசியில் ஊற்றி, கொதிக்கவிடாமல் இறக்க வேண்டும்; கொதித்தால் திரிந்துவிடும். தேங்காய்ப்பால் மந்தம் செய்யாமலிருக்க இஞ்சிப் பச்சடி கூடவே வேண்டும். மாப்பிள்ளைக்கென்று ஒருநாள் அக்கறையோடு சொதி வைத்த மாமியார், பல ஆண்டுகள் கழித்து அதே மனிதன் வந்து நிற்கும்போது அடுப்படியில் என்ன செய்வார் என்பதில் ஒரு முழு அத்தியாயம் இருக்கிறது.

எதற்காகப் பிரிந்தார்கள் என்பது அவ்வளவு முக்கியமா?

நாவலின் தரத்தை முதலில் காட்டிக்கொடுப்பது அதுதான். கொடுக்கப்படாத கடிதம், பாதி கேட்ட பேச்சு, தவறாக விளங்கிக்கொண்ட புகைப்படம் ஆகியவற்றை வைத்து எட்டு ஆண்டு பிரித்துவைக்கும் கதைகளில் என் பொறுமை விரைவில் தீர்ந்துவிடுகிறது. ஒரு கேள்வி கேட்டிருந்தால் தீர்ந்திருக்கும் பிரிவுக்கு இருவரும் பொறுப்பேற்க வேண்டியதில்லை. பொறுப்பு இல்லாத இடத்தில் மன்னிப்புக்கும் பொருளில்லை.

எங்கள் ஊர்களில் மனிதர்களைப் பிரிப்பவை வேறு. அக்காவுக்குப் போட வேண்டிய பவுன் கணக்கு தம்பியின் காதலை முடித்துவைத்திருக்கிறது. அத்தை மகனுக்கென்று பிறந்தபோதே பேசிவைத்த முறை, படித்து வெளியே வந்த பெண்ணின் விருப்பத்தை மறித்திருக்கிறது. வளைகுடாவுக்குப் போனவன் கடன் தீரும்வரை கல்யாணப் பேச்சை எடுக்கக்கூடாது என்று தானாகவே முடிவெடுத்து, அதை அவளிடம் சொல்லாமலே இருந்திருக்கிறான். இந்தக் காரணங்களில் யாரோ ஒருவர் ஏதோ ஒன்றைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். தேர்ந்தெடுத்ததற்குப் பதில் சொல்ல வேண்டியவராகவும் இருக்கிறார்.

சாதியைப் பற்றிப் பேசாமல் இவ்விடையை முடிக்க முடியாது. வெவ்வேறு சாதியில் பிறந்த இருவர் காதலித்ததற்காக ஆணவக் கொலை நடக்கும் செய்தியை எங்கள் மாவட்டம் இன்றும் படித்துக்கொண்டிருக்கிறது. இந்நிலையில் தாமிரபரணிக் கரையில் ஒரு காதல் முறிந்ததற்கு 'குடும்பச் சூழ்நிலை' என்று மட்டும் எழுதிவிட்டுக் கடப்பது அழகான படித்துறையை வரைந்துவிட்டு அங்கே யார் குளிக்கலாம், யார் குளிக்கக்கூடாது என்றிருந்ததை மறைப்பதாகும். எல்லாக் காதல் நாவலும் சாதியைப் பற்றியதாக இருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பிரிவுக்குக் காரணம் அதுவாக இருக்கும் இடத்தில், பெயர் சொல்லத் துணியாத நாவல் தன் காதலர்களையே கைவிடுகிறது. அத்தகைய கதையில் திரும்பி வருவதற்கே உயிரைப் பணயம் வைக்க வேண்டும். ஊர் எப்படி மாறியது, மாறவில்லையென்றால் இருவரும் எங்கே போய் வாழப்போகிறார்கள் என்பதற்கு நேர்மையான விடை வேண்டும்.

கொடுமை செய்தவனையும் ஏற்றுக்கொள் என்று இக்கதைகள் பெண்களுக்குப் போதிக்கின்றனவா?

சில நாவல்கள் போதிக்கின்றன. அவற்றை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. கை நீட்டியவனையும், சந்தேகப்பட்டு அறையில் பூட்டியவனையும், 'அவன் காதல் அப்படித்தான்' என்று நியாயப்படுத்தி இறுதியில் சேர்த்துவைக்கும் கதைகள் இணையத்தில் தொடர்களாக நிறைய வருகின்றன. 'பொம்பள அட்ஜஸ்ட் பண்ணித்தான் போணும்' என்று அடுப்படியில் சொல்லப்பட்டு வந்ததையே அவை காதல் என்ற பெயரில் திரும்பச் சொல்கின்றன. வீட்டுக்குள் நடக்கும் வன்முறையிலிருந்து பெண்களைக் காக்க 2005ஆம் ஆண்டிலேயே தனிச் சட்டம் வந்துவிட்ட நாட்டில், கதாசிரியர்கள் அதற்குப் பின்தங்கி நிற்கக் கூடாது.

இவ்வகையின் நல்ல நாவல் வேறு மாதிரியானது. கோழைத்தனம், அவசரம், பெற்றோருக்கு எதிரே வாய் திறக்காத மௌனம், தன் முடிவைத் தானே எடுத்துக்கொண்டு மற்றவரைக் கேளாத அகந்தை ஆகிய குற்றங்களுக்குத்தான் அங்கே இரண்டாவது வாய்ப்பு பேசப்படுகிறது. அங்கும் மூன்றை நான் எதிர்பார்க்கிறேன். அவன் வராவிட்டாலும் அவள் வாழ்க்கை முழுமையாக நடந்துகொண்டிருக்க வேண்டும். வங்கி வேலையோ, தையற்கடையோ, பள்ளியோ, அவள் எழுந்து போவதற்கு ஓர் இடம் இருக்க வேண்டும். அவன் வருத்தம் அவனுக்கு ஏதேனும் ஒன்றைச் செலவாக்க வேண்டும். தெருவுக்கு முன்னால், தன் தாய்க்கு முன்னால், அன்று சொல்லாததைச் சொல்ல வேண்டும். அவள் முடியாது என்று சொல்லும் வாய்ப்பு கடைசிப் பக்கம் வரை உண்மையாகவே திறந்திருக்க வேண்டும். மன்னிப்பது அவள் உரிமை. கடமையாக்கிவிட்டால் கதை கெட்டுவிடுகிறது.

நாயகி தவறு செய்து, நாயகன் மன்னிக்கும் கதைகள் உண்டா?

உண்டு, ஆனால் குறைவு. இன்னும் வர வேண்டும்.

விவாகரத்து வழக்கு நடக்கும்போது நீதிபதி 'ஆறு மாதம் ஒரே வீட்டில் வாழுங்கள்' என்று உத்தரவிடுவது உண்மையா?

கதைகளில் அடிக்கடி வரும் இந்த உத்தரவு சட்டத்தில் இல்லை. இந்துத் திருமணச் சட்டத்தின் 13பி பிரிவின்படி, இருவரும் சம்மதித்து மணவிலக்குக் கேட்பதற்கு முன்பே ஓராண்டாவது தனித்தனியே வாழ்ந்திருக்க வேண்டும். மனு கொடுத்த பிறகு ஆறு மாதம் கழித்து, பதினெட்டு மாதத்துக்குள், இருவரும் மறுபடி வந்து அதே முடிவில் இருப்பதாகச் சொல்ல வேண்டும். அந்த ஆறு மாதம் மனம் மாறுவதற்கான அவகாசம். சேர்ந்து குடியிருக்கச் சொல்லும் கட்டளையன்று. தகுந்த வழக்குகளில் நீதிமன்றம் அவ்வவகாசத்தைத் தள்ளுபடி செய்யலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017இல் தீர்ப்பளித்தது. குடும்ப நல நீதிமன்றங்களில் ஆற்றுப்படுத்துநரைச் சந்திக்கச் சொல்வது உண்டு. கிறித்தவர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் வேறு சட்டங்கள் பொருந்தும்.

உண்மையான நடைமுறையே கதைக்குப் போதுமானது என்பது என் எண்ணம். முதல் மனுவுக்கும் இரண்டாம் முறை வருவதற்கும் இடைப்பட்ட காலத்தில் அவள் அம்மா வீட்டிலும் அவன் நான்கு தெரு தள்ளியும் இருக்கிறார்கள். ஒரே மருந்துக் கடை, ஒரே ரேஷன் கடை. மணவிலக்கு முழுதாக முடிந்த பிறகும் அதே இருவர் மீண்டும் மணந்துகொள்ளச் சட்டம் தடை செய்வதில்லை; ஆனால் தீர்ப்பைக் கிழித்துப் போட்டால் கணவன் மனைவி ஆகிவிட மாட்டார்கள், புதிதாகத் திருமணம் செய்துகொள்ள வேண்டும். பிரிந்தவர்கள் இரண்டாம் முறை பதிவு அலுவலகத்துக்கு வரும்போது இம்முறை யார் சாட்சிக் கையெழுத்துப் போடுகிறார்கள் என்று காட்டும் நாவலை நான் ஆவலோடு படிப்பேன்.

நாயகனுக்குத் தெரியாமல் வளர்ந்த குழந்தை இருக்கிறது என்ற திருப்பத்தை நம்பலாமா?

வெளியூரில் வளர்ந்தால் நம்பலாம். ஆழ்வார்குறிச்சியில் ஒரு குழந்தையின் முகச்சாடையை ஆறு மாதத்துக்குமேல் யாராலும் மறைக்க முடியாது.

முடிவில் சேர்ந்துவிடுவார்கள் என்று தெரிந்தே ஏன் படிக்க வேண்டும்?

நெல்லையப்பர் தேர் நிலைக்கு வந்து சேரும் என்று தெரிந்துதான் ஆயிரக்கணக்கானோர் வடம் பிடிக்கிறார்கள்; ஒவ்வொரு திருப்பத்திலும் அது எப்படித் திரும்பப்போகிறது என்பதில்தான் மூச்சைப் பிடித்துக்கொள்கிறார்கள். நாவலிலும் அப்படித்தான். இவ்வகைக்கும் வாசகருக்கும் இடையே ஓர் உறுதி இருக்கிறது: எவ்வளவு வலித்தாலும் கைவிடமாட்டேன் என்று ஆசிரியர் முன்னரே சொல்லியிருக்கிறார். அந்த உறுதி இருப்பதால்தான், பகலெல்லாம் வீட்டையும் வேலையையும் பார்த்துவிட்டு இரவு பத்து மணிக்குமேல் அரை மணி நேரம் கிடைக்கும் ஒரு பெண், தன் வாழ்வில் தொட்டுப்பார்க்க அஞ்சும் ஒரு பழைய காயத்தைக் கதையில் தொட்டுப்பார்க்கத் துணிகிறாள். இது தப்பித்தல் என்று சொல்பவர்கள் உண்டு. திரும்பிப் போய்ப் பேசியிருக்க வேண்டிய ஒரு பேச்சை, வேறு இருவர் வாயால் கேட்டு, அது இப்படி நடந்திருக்கலாம் என்று அறிவதைத் தப்பித்தல் என்று நான் சொல்ல மாட்டேன்.

இவை இளையவர்களுக்கான கதைகளா?

இவற்றை மிக ஆழ்ந்து படிப்பவர்கள் நாற்பதைக் கடந்தவர்கள் என்றே நான் கண்டிருக்கிறேன். இருபது வயதில் இழப்பதற்குக் காலம் இருக்கிறது. ஐம்பதில்தான் போன காலத்தின் எடை தெரிகிறது. பஸ் நிலையக் கடைகளில் தொங்கிய மாத நாவல்களையும், வாடகை நூலகத்தின் அட்டை போட்ட தொகுப்புகளையும் படித்து வளர்ந்தவர்கள் இன்று கைபேசியில் அத்தியாயம் அத்தியாயமாக வரும் தொடர்களைப் படிக்கிறார்கள். தொடர் வடிவத்தால் ஒரு கேடு உண்டு: வாசகர் விட்டுப் போகாமலிருக்க, தீர்ந்திருக்க வேண்டிய சண்டையை ஆசிரியர் மறுபடி மூட்டிவிடுகிறார். முழு நூலாக எழுதியதற்கும் வாரம் ஒன்றாக எழுதியதற்கும் உள்ள வேறுபாடு, மன்னிப்புக் காட்சிக்குப் பின் கதை எவ்வளவு நீள்கிறது என்பதில் தெரிந்துவிடும்.

நான் ஏங்குவது கைம்பெண்களின் கதைகளுக்காக. மறுமணத்துக்குச் சட்டம் வழிவிட்டது 1856இல். இருந்தும், ஐம்பத்தைந்து வயதுக் கைம்பெண் ஒருத்தி, பதினெட்டு வயதில் தன்னோடு ஒரே பஸ்ஸில் பாளையங்கோட்டைக் கல்லூரிக்குப் போய்வந்தவரை மீண்டும் சந்தித்துப் பேசத் தொடங்கினால், திருமணமான மகனும் மகளும் அதை எப்படி எதிர்கொள்வார்கள் என்பதைத் தமிழில் மிகக் குறைவாகவே எழுதியிருக்கிறார்கள். இக்கதையில் ஊர் மட்டுமல்லாமல் பெற்ற பிள்ளைகளும் சாட்சிகளாகிறார்கள். அம்மாவுக்கு இரண்டாவது வாய்ப்பைத் தர வேண்டியவர்கள் அவர்களாகவும் இருக்கிறார்கள்.

வட்டார வழக்கில் எழுதினால்தான் நம்பகமாக இருக்குமா?

உரையாடலில் அளவாக இருந்தால் போதும். ஆச்சி பேசுவதும், திருநெல்வேலியில் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி பேசுவதும், சென்னையில் பத்தாண்டு இருந்துவிட்டு வந்தவள் பேசுவதும் ஒன்றுபோல் இருக்கக் கூடாது. வந்த முதல் வாரம் சென்னைத் தமிழில் பேசியவள், கோபம் வந்த ஓர் இரவில் தன்னையறியாமல் 'சொல்லுதேம்லா, கேக்க மாட்டியளோ' என்று ஊர்ப்பேச்சுக்குத் திரும்புகிறாள் என்றால், அவள் மனத்தளவில் எங்கே வந்து நிற்கிறாள் என்பது அவனுக்கும் நமக்கும் ஒரே நேரத்தில் தெரிகிறது.

இறுதியில் நாயகி வேலையை விட்டுவிட்டு ஊரோடு தங்குவதாகவே ஏன் முடிக்கிறார்கள்? அது கட்டாயமா?

கட்டாயமில்லை, பழக்கம். ஊர் தூய்மையானது, நகரம் மனிதரைக் கெடுப்பது என்ற எளிய எண்ணத்திலிருந்து வந்த பழக்கம் அது. பெங்களூரில் குழுவொன்றை நடத்திக்கொண்டிருந்தவள் காதல் கைகூடியதும் வேலையைத் துறந்து தொழுவத்தில் பால் கறக்கிறாள் என்று முடித்தால், அவள் பிரிந்திருந்த ஆண்டுகளில் கட்டியெழுப்பியதை ஆசிரியர் தன் கையாலேயே இடிக்கிறார். தங்குவதாக இருந்தால் எதற்காகத் தங்குகிறாள், என்ன வேலை செய்யப்போகிறாள், வருமானம் எங்கிருந்து என்று எழுத வேண்டும். வீட்டிலிருந்தே வேலை செய்யும் வாய்ப்பு பெருகிவிட்ட இக்காலத்தில் அது அவ்வளவு கடினமுமன்று. அவனே தன் தொழிலை மாற்றிக்கொண்டு அவளிருக்கும் ஊருக்குப் போவதாகவும் முடிக்கலாம். இருவரும் சேர்ந்தே ஊரைவிட்டுக் கிளம்புவதாகவும் முடிக்கலாம். முதல்முறை ஒருவர் மட்டும் சொல்லாமல் போன ஊரிலிருந்து, இம்முறை இருவரும் வீடுவீடாகச் சொல்லிக்கொண்டு, எதிர்வீட்டு ஆச்சி கட்டிக்கொடுத்த வற்றலையும் வாங்கிக்கொண்டு புறப்பட்டால், அதுவும் இவ்வகைக்கு உரிய முழுமையான முடிவுதான். அடுத்த பங்குனி உத்திரத்துக்கு அவர்கள் வரத்தானே போகிறார்கள்.